கடைசியில் பேசுகிறவர்

அலுவலகத்தில் அவருக்கு மூக்கர் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, முதுகுக்குப் பின்னால் கூப்பிடாதவரும் இல்லை. அவருக்கும் அது தெரியும். காதில் விழாத மாதிரி நடந்து போவார். கணக்குப் பிரிவில் இத்தனை பேர் இருக்கிறார்களே, அவர்களில் ஒருவரையாவது தலை என்றோ கை என்றோ யாராவது சொல்கிறார்களா என்ற பெருமை உள்ளுக்குள் இருந்தது.

ஸ்காட்லாந்திலிருந்து பழைய சிங்கிள் மால்ட் விஸ்கியை வரவழைத்து விற்கிற நிறுவனம் அது. விஸ்கி அங்கே பீப்பாய்களில் வருடக்கணக்காகக் கிடக்கும். ஒரே நாளில் ஒரே அண்டாவிலிருந்து இரண்டு பீப்பாய்களில் ஊற்றினாலும் வளர்ந்த பிறகு இரண்டும் இரண்டு குணமாக நிற்கும், ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. உள்ளங்கைக்குள் அடங்குகிற குப்பிகளில் அவற்றின் சாம்பிள் வரும். மூன்று பேர் உட்கார்ந்து அதை முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். அவர்கள் வாங்கலாம் என்றால் அந்தப் பீப்பாய் முழுவதும் அங்கேயே பாட்டில்களில் அடைபட்டு, இந்த நிறுவனத்தின் பெயரை ஒட்டிக்கொண்டு கப்பலேறும்.

சுவைக்கும் அறை மாடியில், படியேறியதும் இடது கோடியில் இருந்தது. சமையல் மேடைக்கும் கழிப்பறைக்கும் எட்டாத இடமாகப் பார்த்து அவரே பிடித்தது. சுவருக்குச் சுண்ணாம்பு மட்டும்தான். நாற்காலிகளுக்கு மெருகு போட விடமாட்டார். கிளாஸ்கள் கருநீலம், மேலே கண்ணாடி மூடி. உள்ளே இருப்பதன் நிறம் தெரிந்துவிட்டால் மூக்கு கண்ணின் பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிடும் என்பார். நிறம் கறுத்திருந்தால் வயதானது, வயதானது என்றால் உசத்தி, மனசு அப்படித்தான் சறுக்கும்.

அந்த அறைக்குள் வருகிறவர்கள் சென்ட் போடக்கூடாது. தலைக்கு வாசனை எண்ணெய் கூடாது. வாசனை சோப்பில் குளித்திருக்கவும் கூடாது. ஒருமுறை கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் கையெழுத்து வாங்க வந்தார். அவர் வாசலில் கால் வைத்ததுமே மூக்கர் நிமிர்ந்தார்.

"என்ன சார், பொண்ணு பாக்கப் போறீங்களா? போய் நல்ல தண்ணியில குளிச்சுட்டு வாங்க."

அந்த மனுஷர் அதன்பிறகு வந்தபோதெல்லாம் வெளியே நின்று கதவிடுக்கு வழியாகத்தான் காகிதத்தை நீட்டினார்.

வீட்டிலும் அதே சட்டம். கல்யாணமான புதிதில் மனைவி ஆசையாகக் கொண்டுவந்த பவுடர் டப்பாவும் சென்ட் பாட்டிலும் முதல் வாரமே அவள் தங்கையிடம் போய்ச் சேர்ந்தன. வாசனையே இல்லாத வெள்ளைச் சோப்பை அவர் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்குவார். "சோப்பா இது, சாக்பீஸ்! குளிச்சா அழுக்குப் போகுதோ இல்லையோ, கரும்பலகையில நல்லா எழுதும்" என்பாள் அவள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அப்படிச் சிரித்துச் சிரித்தே அவளுக்குத் தலையும் நரைத்துவிட்டது.

மேஜையைச் சுற்றி உட்காரும் மூன்று பேரில் இளையவள் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவள், லேப் பொண்ணு. அடுத்தவர் கொள்முதல்காரர், தொப்பையும் வாய்த்துடுக்கும் உள்ள மனிதர். பிறகு மூக்கர். முகரும்போது யாரும் மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கேட்கக்கூடாது. முடிந்ததும் இளையவர் முதலில் பேசவேண்டும், மூத்தவர் கடைசியில். பெரியவர் முந்திக்கொண்டு வாயைத் திறந்தால் மற்றவர்களுக்கும் அதே வாசனைதான் வரும் என்று இந்த முறையை ஏற்படுத்தியவரும் அவர்தான். அவர் பேசிவிட்டால் பேச்சு முடிந்தது. அவர் வேண்டாம் என்றதை முதலாளிகூட வேண்டும் என்றதில்லை.

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. தெருவில் எல்லா வீட்டுக்கும் வந்து போன காய்ச்சல்தான், அவருக்கும் வந்து போனது. எழுந்து உட்கார்ந்த அன்று மனைவி காபி கொண்டுவந்து கொடுத்தாள். வாயில் வைத்தார். சூடு இருந்தது, கசப்பு இருந்தது, இனிப்பு இருந்தது. காபி மட்டும் இல்லை. தம்ளரை மூக்கோடு சேர்த்துப் பிடித்தார். ஆவி பட்டு மூக்கு நுனி ஈரமானது.

"என்னங்க அப்படிப் பாக்குறீங்க, சக்கரை பத்தலையா?"

"சரியாத்தான் இருக்கு" என்றார்.

மூக்குக்கும் தொண்டைக்கும் பார்க்கிற டாக்டரிடம் தனியாகப் போனார். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே நரம்பு அடிபட்டிருக்கிறது, சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது என்றார்.

"எப்ப வரும் டாக்டர்?"

"அதை உங்க மூக்குதான் சொல்லணும்." டாக்டர் தானே சிரித்தார். "என்ன வேலை பாக்குறீங்க?"

"ஆபீஸ் வேலை."

"அப்ப ஏன் கவலைப்படுறீங்க? ஃபைல் பாக்க மூக்கு எதுக்கு?"

தினமும் சில பொருட்களை முகர்ந்து பழகச் சொல்லி அனுப்பினார். கிராம்பு, எலுமிச்சைத் தோல், காபித்தூள். மூன்றையும் சின்னப் புட்டிகளில் போட்டுக்கொண்டு அலுவலக மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் மறைவில் நிற்பார். கிராம்பு, கிராம்பு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கிராம்பை முகர்வார். பூட்டிய வீட்டு வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். சில நாள் ஏதோ அசைந்தது போலத் தோன்றும். புட்டியைப் பார்த்தால் மூடியைத் திறக்கவே மறந்திருப்பார்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? அவருக்குப் பெரிய படிப்பு இல்லை, சாமர்த்தியப் பேச்சு இல்லை. சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறவர். அந்த அறையில், அந்த நாற்காலியில், மற்ற இருவரும் பேசி முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்கிற அந்த நேரத்தில்தான் அவர் ஒரு ஆள். அது போய்விட்டால் மிச்சம் என்று சொல்ல ஒன்றும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நல்லவேளையாக, அவர் போட்ட முறையே அவரைக் காப்பாற்றியது. கடைசியில் பேசுகிறவருக்கு முன்னால் இரண்டு பேர் பேசியாக வேண்டுமே! லேப் பொண்ணு காய்ந்த திராட்சை என்பாள், கொள்முதல்காரர் தேன் என்பார். சாராயத்தின் காட்டம் மூக்கைக் குத்துவது அவருக்கு இன்னும் உறைத்தது. நாக்கில் இனிப்பும் கசப்பும் மரத்தின் துவர்ப்பும் தெரிந்தன. அவர்கள் சொன்னதையும் இதையும் சேர்த்துப் பிசைந்து, பழைய ஞாபகத்தைக் கொஞ்சம் தூவி, நிதானமாக ஒரு தீர்ப்பு சொல்வார். ஆரம்பத்தில் ஒவ்வொரு வார்த்தையையும் எண்ணிப் பேசினார். பிறகு பழகிவிட்டது. அந்த இரண்டு பேரும் முன்பைவிட விவரமாகப் பேசுவதை அவர் கவனித்தார். வெறும் பழம் என்று நிறுத்திக்கொண்டவள் இப்போது என்ன பழம், பழுத்ததா, வெந்ததா என்றெல்லாம் சொன்னாள். நம்மிடம் பழகித் தேறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

அப்படியிருக்கும்போதுதான் அந்தக் குப்பி வந்தது. நிறுவனம் அதுவரை தொட்டதிலேயே வயதான விஸ்கி. லேப் பொண்ணு பிறப்பதற்கு முன்பே பீப்பாய்க்குள் போனது. முதலாளியே படியேறி வந்து கதவோரம் நின்றார்.

"இதுல நம்ம பேரு நிக்கணும். நீங்க சரின்னு சொன்னா லேபிள்ல உங்க கையெழுத்தைப் போடப் போறேன்."

"கையெழுத்தா? அதெல்லாம் எதுக்குங்க" என்றார் மூக்கர். ஆனால் காது சூடாவது அவருக்கே தெரிந்தது.

"பேசாம மூக்கை வரைஞ்சு போட்ருங்க முதலாளி, ஊருக்கே தெரியும்" என்றார் கொள்முதல்காரர்.

முதலாளி சிரித்தபடி இறங்கிப் போனார். மூன்று கிளாஸ்களிலும் ஊற்றி மூடி வைத்தார்கள். லேப் பொண்ணு மூடியை எடுத்து முகர்ந்தாள். நிறுத்தினாள். ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள். நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு இன்னொருமுறை முகர்ந்தாள். வாசனை எழும்புவதற்காகச் சொட்டுக்குழாயால் இரண்டு துளி தண்ணீர் விட்டுப் பார்த்தாள்.

"காய்ஞ்ச திராட்சை சார். தேன் இருக்கு, கொஞ்சம் கருகின தேன். பழைய மரம். அப்புறம்..."

"அப்புறம்?"

"வேற ஒண்ணும் இல்ல சார்."

கொள்முதல்காரர் தொண்டையைக் கனைத்தார். "எனக்கும் அதேதான். லேசா பூ மாதிரி என்னமோ... இல்ல, அது ரூம்ல இருக்குபோல."

"ஜன்னலை நல்லாச் சாத்துங்க" என்றார் மூக்கர்.

கொள்முதல்காரர் எழுந்துபோய்ச் சாத்தினார். திரும்பி வரும்போது அவரும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூக்கர் அதைப் பார்த்தார், பொருட்படுத்தவில்லை. ஒரு மிடறு எடுத்து வாயில் உருட்டினார். நல்ல இனிப்பு. முடிவில் மெல்லிய கசப்பு, ஆனால் இத்தனை வருடம் மரத்துக்குள் கிடந்ததற்கு அதுகூட இல்லாமலா? விழுங்கிய பிறகும் சூடு நெஞ்சில் நெடுநேரம் நின்றது.

"வயசை நல்லாத் தாங்கியிருக்கு" என்றார். "திராட்சையும் தேனும் முன்னால வருது. ரொம்ப நாள் மூடிக் கிடந்த பீரோவைத் திறந்தா வருமே, அந்த மரம் பின்னால வருது. குறை சொல்ல ஒண்ணுமில்ல. வாங்கலாம்."

இருவரும் தலையசைத்தார்கள். அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது.

பாட்டில்கள் வந்து இறங்கிய வாரம், முதலாளி ஊரிலேயே பெரிய கடைக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, முதல் பாட்டிலைத் தன் கையாலேயே திறந்தார். மூக்கரின் கையெழுத்து லேபிளில் பொன்னிறத்தில் மின்னியது. கடைக்காரர் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு கீழே வைத்தார்.

"இது குடிக்கவா, குளிக்கவா?"

முதலாளி சிரித்தார். கடைக்காரர் சிரிக்கவில்லை என்றதும் கிளாஸை எடுத்துத் தானும் முகர்ந்தார். அவர் முகம் மாறியது.

கடைக்காரர் போனபிறகு முதலாளி மாடிக்கு வந்தார். கூடவே மேலும் இரண்டு பாட்டில்கள் வந்தன. எல்லாம் ஒன்றுபோலத்தான். தேனுக்கும் திராட்சைக்கும் மேலே கட்டிச் சோப்பு வாடை, அதிலும் லாவெண்டர் சோப்பு. சில பீப்பாய்களுக்கு இப்படி ஒரு நோய் உண்டு. இதைச் சொல்லி எத்தனையோ குப்பிகளை மூக்கர் ஒதுக்கியிருக்கிறார்.

"சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுதே! மூணு பேர் உக்காந்து என்னய்யா பாத்தீங்க?"

மூக்கர் கிளாஸை எடுத்தார். ஆழமாக இழுத்தார். காட்டம் குத்தியது. அதற்குப் பின்னால் எப்போதும்போல வெறும் வெளி. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் இன்னும் ஒருமுறை இழுத்தார்.

லேப் பொண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "அன்னிக்கே வந்துச்சு சார். எங்க ரெண்டு பேருக்குமே வந்துச்சு."

"வந்துச்சுன்னா ஏன் சொல்லல?" என்றார் முதலாளி.

அவள் கொள்முதல்காரரைப் பார்த்தாள். எப்போதும் வாய் ஓயாத மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லும்மா" என்றார் மூக்கர். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"உங்க மேலேர்ந்து அடிக்குதுன்னு நெனச்சோம் சார்."

மூக்கர் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார்.

"நீங்க கொஞ்ச மாசமா லாவெண்டர் சோப்பு போட்டுத்தான் வர்றீங்க. தினமும் அடிக்கும். மொத நாள் நாங்க பயந்துட்டோம், என்னமோ எங்களைச் சோதிக்கிறீங்கன்னு. அப்புறம்தான் புரிஞ்சுது, உங்களுக்கே தெரியலன்னு. எப்படி சார் சொல்றது? அதான் நாங்களே கொஞ்சம் விவரமா... நீங்க எடுத்துக்குவீங்கன்னு..."

அவள் முடிக்கவில்லை. முடிக்கவும் தேவையில்லை. திருடித் தின்கிறோம் என்று இத்தனை நாள் அவர் கூசிக்கொண்டிருந்தார். அவர்களோ தெரிந்தே அவர் தட்டில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். கடைசியில் அவர் பேசும்போது அவர்கள் முகத்தில் அவர் பார்த்த மரியாதை எதுவென்று இப்போது தெரிந்தது. தட்டுத் தடுமாறிப் படியிறங்குகிற ஒருவர் கீழே போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார்களே, அந்தப் பார்வை.

"தப்பு என்னோடது. எனக்கு வாசனை தெரியல, காய்ச்சல் வந்ததிலேர்ந்து" என்றார் முதலாளியிடம். சொல்லும்போது வலிக்கும் என்று இத்தனை மாதம் பயந்திருந்தார். வலிக்கக்கூட இல்லை.

வீட்டுக்குப் போனதும் நேராகக் குளியலறைக்குள் போனார். சோப்புப் பெட்டியில் வெள்ளைக் கட்டி இருந்தது. எடுத்துப் பார்த்தார். அதே வெள்ளை, அதே வழவழப்பு.

"இது என்ன சோப்பு?"

மனைவி சமையலறையிலிருந்து கை துடைத்துக்கொண்டே வந்தாள். அவர் கையில் இருந்ததைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "தெரியுதா? வந்துடுச்சா உங்களுக்கு?"

"என்ன சோப்புன்னு கேட்டேன்."

மலர்ச்சி அணைந்தது. சுவரில் சாய்ந்துகொண்டாள். "நீங்க காய்ச்சல்லேர்ந்து எழுந்த பிறகு ஒருநாள் அடுப்புல பால் பொங்கி வழிஞ்சு தீய்ஞ்சே போச்சு. பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன், சொல்லல. அதான் வாசனை சோப்பை வாங்கி வச்சேன். மூக்கு சரியாச்சுன்னா மொதல்ல அதைத்தானே கண்டுபிடிச்சுக் கத்துவீங்க? கத்துற அன்னிக்குத் தூக்கிப் போட்டுரலாம்னு இருந்தேன்."

"தினமுமா?"

"தினமும்தான். நீங்க குளிக்கப் போறப்பல்லாம் கதவுக்கு வெளியில நின்னேன்."

அவர் சோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதை வேறெங்காவது வைத்திருக்கலாம், நீ மட்டும் போட்டிருக்கலாம், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று அடுக்கடுக்காக வாயில் வந்தது. ஆனால் அவர்தான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லையே.

"எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

"எது?"

"இதோட வாசனை."

அவள் சோப்பை வாங்கி முகர்ந்தாள். யோசித்தாள். "நல்லாருக்கும்" என்றாள். அவர் காத்திருந்தார். அவள் திரும்பவும் முகர்ந்தாள், இன்னும் பெரிதாக ஏதாவது சொல்லத் தேடினாள். "ரொம்ப நல்லாருக்கும்ங்க" என்றபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

முதலாளி அவரை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். கூப்பிட்டு உட்காரவைத்து, "மூக்கு போனா போகுது, வாய் இருக்குல்ல?" என்றார். நிறுவனம் இனி மாலை நேரங்களில் ஓட்டல் அரங்குகளில் விஸ்கி ருசிக்கும் கூட்டம் நடத்தும். வசதியானவர்கள் காசு கட்டி வருவார்கள். அவர் எதிரே நின்று, எதில் என்ன வாசனை என்று சொல்லிக்கொண்டே போகவேண்டும். என்ன சொல்வது என்று லேப் பொண்ணு முன்கூட்டியே சொல்லித் தருவாள். அவருடைய நாற்காலியில் கொள்முதல்காரர் உட்கார்ந்தார். முதல் நாள் தயங்கினாராம், இரண்டாம் நாள் தயங்கவில்லையாம்.

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வேறு எங்கே போவார்?

கூட்டங்கள் நன்றாகவே நடந்தன. வெள்ளை விரிப்பு போட்ட மேஜைகள், கண்ணாடி மாதிரித் தெளிவான கிளாஸ்கள், எல்லார் மேலும் சென்ட். அவர் "ஆப்பிள்" என்றால் நாற்பது தலைகள் ஒன்றாக ஆடின. "புகை" என்றால் ஆகா என்றார்கள். ஒருநாள் லேப் பொண்ணு சொல்லித் தந்ததை மறந்து வேறொரு விஸ்கிக்கு உரியதைச் சொல்லிவிட்டார். அதற்கும் தலைகள் ஆடின. ஒரு அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, "அப்படியே வருது" என்றாள்.

ஆரம்பத்தில் ஒரு வார்த்தையைச் சொல்லும்போது அதன் பின்னால் ஒரு நிழலாவது ஆடும். ஆப்பிள் என்றால் எங்கோ ஒரு கூடை, நறுக்கிய துண்டு, அதன் புளிப்பு. நாளாக ஆக அதுவும் நின்றது. ஒரு மாலை பழைய தோல் என்று சொல்லிவிட்டு அது எப்படி இருக்கும் என்று தனக்குள் தேடினார். ஒன்றும் இல்லை. தேன் என்று பார்த்தார், மரம் என்று பார்த்தார். மனைவியின் தலைமுடி, முதல் குழந்தை பிறந்த ஆஸ்பத்திரி அறை. எல்லாம் பார்க்க முடிந்தது, கேட்க முடிந்தது. மூக்கு போனதுதான் முடிவு என்று நினைத்திருந்தார். அது வாசல்தான், இப்போது உள்ளே ஒவ்வொரு அறையாகக் காலியாகிக்கொண்டிருந்தது.

அவர் பேச்சை நிறுத்தியதைப் பார்த்து யாரோ இருமினார்கள். பின்வரிசையில் முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அப்போது ஓரத்து மேஜையிலிருந்து ஒருவர் எழுந்தார். மடிப்புக் கலையாத புதுச் சட்டை, யாரோ வற்புறுத்திக் கூட்டிவந்த முகம்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. நீங்க சொல்றீங்க, எல்லாரும் தலையாட்டுறாங்க. எனக்கு ஒண்ணுமே தெரியல. சுருக்குன்னு ஏறுது, அவ்வளவுதான். எனக்குத்தான் ஏதாவது கோளாறா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவருடைய மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் உட்காரவில்லை. கிளாஸைப் பிடித்தபடி, நிஜமாகவே பதில் வேண்டி நின்றார்.

அந்த அரங்கத்தில் தனக்குச் சொந்தக்காரர் என்று ஒருவர் உண்டானால் அது இவர்தான் என்று மூக்கருக்குத் தோன்றியது. எனக்கும் அவ்வளவுதான் ஐயா என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. முதலாளி ஒரு அடி முன்னால் வந்தார்.

"கோளாறெல்லாம் இல்ல" என்றார் மூக்கர். "அவசரப்படாதீங்க. கண்ணை மூடிக்குங்க. திராட்சைன்னு மனசுல சொல்லிக்கிட்டே மோந்து பாருங்க. வரும்."

அந்த மனிதர் அவர் சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டார். முகர்ந்தார். நெற்றி சுருங்கியது. அரங்கம் முழுவதும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடி முகர்ந்தார். வராதே, வரவில்லை என்று சொல்லிவிடு என்று மூக்கர் உள்ளுக்குள் கெஞ்சினார்.

மனிதர் கண்ணைத் திறந்தார். எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு மெல்லச் சிரித்தார்.

"ஆமா சார். வருது."

எல்லாரும் கைதட்டினார்கள். மூக்கர் அடுத்த பாட்டிலை எடுத்தார்.